வீம்புப் புறம்போக்கு

முதலில் அநியாயம் செய்தவர் வீரணன்தான். நத்தக்குடியில் இதைப் பற்றி இரண்டாவது பேச்சு கிடையாது. இருந்தாலும் சேவுகன் காதில் விழும்படி அதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து ஆதியிலிருந்து ஆரம்பித்துவிடுவார், ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த உலை வற்றி, சட்டி கருகி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தீயை அணைக்கிற வரைக்கும் எழுந்து போக முடியாது என்று ஊருக்கே தெரியும்.

நடந்தது இதுதான். சேவுகனின் தங்கை பஞ்சவர்ணத்தை வீரணனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, செல்வராணி என்று பெயர் வைத்தார்கள், அய்யனார் கோயிலில் காது குத்து வைத்தார்கள். காது குத்துகிற பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மொட்டை அடிக்கும்போதும் அந்த மடிதான், காதில் ஊசி இறங்கும்போதும் அந்த மடிதான், பிள்ளை வலியில் நனைத்துவிட்டாலும் நனைய வேண்டியது அந்த வேட்டிதான். சேவுகன் கருவேலங்கட்டையைச் சுட்டுக் கரி போடுகிற ஆள். அன்றைக்குப் புகைந்துகொண்டிருந்த கரி மூட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, பட்டுப்பாவாடையும் வாழைத்தாரும் ஒரு ஆட்டுக்குட்டியுமாகச் சீர் கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் வரவில்லை. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கி நடந்தார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை குத்திய காதோடு வீறிட்டுக்கொண்டிருந்தது. அது உட்கார்ந்திருந்தது பஞ்சவர்ணத்துக்கு எங்கேயோ தூரத்தில் அண்ணன் முறையாகிற ஒரு ரைஸ்மில்காரரின் மடியில். அவர் ஜீப்பில் வந்திருந்தார்.

“நேரம் போயிருச்சு மச்சான்,” என்றார் வீரணன், வாய் நிறைய வெற்றிலையோடு. “ஒரு மடிதானே, எந்த மடியா இருந்தா என்ன?”

சேவுகன் சீரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஊருக்கு வந்து பார்த்தால் மூட்டத்துக்குள் காற்றுப் புகுந்து, கரியாக வேண்டியதெல்லாம் சாம்பலாகிக் கிடந்தது. அன்றிலிருந்து அவர் வீரணனோடு பேசவில்லை. செல்வராணி வளர்ந்தாள், சடங்கானாள், கல்யாணம் கட்டி மானாமதுரைக்குப் போனாள். சேவுகனின் வருத்தமும் அவளோடு ஒத்த வயதுப் பிள்ளையைப் போல வளர்ந்தது, ஆனால் அது எங்கேயும் கட்டிக்கொண்டு போகவில்லை.

இதில் பெரிய சங்கடம், சர்க்கார் காலனி வீடு கொடுத்தபோது சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடாக வந்துவிட்டதுதான். மூன்று சென்ட் மனை, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. வீரணன் தும்மினால் சேவுகன் வீட்டு விளக்கு ஆடும். அதனால் பேசாமல் இருக்கவும் முடியாது, பேசவும் முடியாது என்று ஆகி, சேவுகன் கரண்டுக் கம்பத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார். “கம்பமே, கொத்தனார் வேலைக்குப் போறவுக சிமெண்டுச் சாக்கை என் வாசல்ல உதறுனா நல்லாருக்குமா?” என்று கேட்பார். கொத்தனார் வேலைக்குப் போகிற வீரணன், “கம்பத்துக்கிட்டச் சொல்லுங்க, காத்து அந்தப் பக்கம் அடிக்குதுன்னு,” என்று உள்ளேயிருந்து சொல்வார். கம்பம் நடுநிலையாக நின்றது.

பெண்கள் இரண்டு பேரும் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை. சேவுகனின் மனைவி பொன்னழகுவும் பஞ்சவர்ணமும் சந்து வழியாகக் குழம்பைக் கைமாற்றிக்கொண்டு, அவர் இவரைப் பேசியதையும் இவர் அவரைப் பேசியதையும் சேர்த்து வைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பொன்னழகுவுக்கு முழங்கால் வீங்கிப்போனதிலிருந்துதான் சிரிப்புக் குறைந்தது. காலனியில் ஒரு வீட்டுக்கும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் இருட்டோடு கருவேலங்காட்டுக்குப் போய் இருட்டோடு வந்துவிட வேண்டும். அவளால் குந்தவும் முடியவில்லை, குந்தினால் எழவும் முடியவில்லை. ஒருநாள் ஒரு கருவேல மரத்தைப் பிடித்து எழுந்து உள்ளங்கையெல்லாம் முள்ளாக வந்தாள். பிறகு காட்டுக்குப் போக வேண்டாமே என்று பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி என்னத்துக்கு ஆகும்?” என்று சத்தம் போட்டது. சேவுகன் திரும்பி வருகிற வழியில் ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, “மிச்சத்தை நீங்க குடிங்க, நான் காட்டுக்குப் போகணும்ல,” என்றாள். அவர் அதை வீடு வரைக்கும் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த வருஷம்தான் வசதியில்லாத வீடுகளுக்கு உறைகிணறும் செப்டிக் டேங்க் வைத்த கக்கூஸும் கட்டித் தருகிறோம் என்று ஒரு டிரஸ்ட் வந்தது. டிரஸ்டிலிருந்து எஸ்தர் என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்து வீடு வீடாகப் பார்த்தாள். பூமிக்குள் தண்ணீர் பார்க்கிற மிஷினை வைத்துப் பார்த்ததில், அந்த வரிசை பூராவும் உப்பு. வீரணன் வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நல்ல தண்ணீர். அந்த இடத்தில் கிணறு இறக்கி இரண்டு வீடும் குடிக்கலாம் என்று முடிவானது. வீரணனுக்குப் பின்பக்கம் இடம் கிடந்தது, அவர் டேங்க்குக்குச் சிக்கல் இல்லை. சேவுகன் மனையோ ரோட்டுக்கும் வீரணனுக்கும் நடுவில் ஆப்படித்த மாதிரி இருந்தது. எஸ்தர் டேப்பின் ஒரு முனையைக் கிணற்றுக் குறியிலும் மறுமுனையைச் சேவுகன் மனையின் கடைசி மூலையிலும் பிடிக்கச் சொல்லி, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

“பன்னெண்டு அடி குறையுதுங்கய்யா. கிணத்துக்கும் டேங்க்குக்கும் அம்பது அடி இருக்கணும். இல்லேன்னா கழிவு கசிஞ்சு கிணத்துல எறங்கிரும். அதைத்தான் ரெண்டு வீடும் குடிக்கணும்.”

“வேற வழி இல்லையாம்மா?”

“கிணறு வேணாம்னு சொன்னா கக்கூஸ் கட்டலாம். கக்கூஸ் வேணாம்னு சொன்னா கிணறு எறக்கலாம்.”

வீரணன் சாரத்தின் மேல் நின்று தன் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: “பன்னெண்டு அடிதானம்மா. கிணத்தை எறக்குங்க. இத்தன வருசம் காட்டுக்குப் போன சனம், இன்னும் நாலு வருசம் போனா காடு என்ன தேய்ஞ்சா போயிரும்?”

வாய் தவறிச் சொன்னாரோ வேண்டுமென்று சொன்னாரோ, பொன்னழகு அங்கேதான் நின்றிருந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. சேவுகன் கம்பத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார். ஜீப்பிலிருந்து ஆரம்பித்து, வெற்றிலை வாய், கண்மாய்த் தூசி, சாம்பலான மூட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்து, கடைசியில் தேயாத காட்டில் வந்து முடித்தார்.

விடிந்ததும் பஞ்சவர்ணம் இட்லி மாவோடு வந்து சேருவதற்குள் மூச்சு வாங்கியது.

“என்ன மதினி, ஒங்க வீடு தள்ளிப் போயிருச்சா?”

“நாங்க எங்கடி போனோம்? நேத்து இருந்த எடத்துலதான் இருக்கோம். நீ எதுக்குச் சுத்தி வர்ற?”

“நேராத்தான் வந்தேன்.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருக்களித்துப் போகிற சந்தில் ஒரு மாட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் வைக்கோலோடு இந்தப் பக்கம் குறுக்கு வழி விட்டிருக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டு வந்திருந்தார். கம்பம் சேவுகன் பக்கமே நின்றுவிட, கரண்டுக் கம்பி இழுபட்டு வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. “மாவு புளிச்சிரும், உள்ள வை,” என்றாள் பொன்னழகு.

கிராம அலுவலர் வந்தார். சங்கிலி போட்டு அளந்தார். சேவுகன் மனை மூன்று சென்ட், அப்படியே இருந்தது. வீரணன் மனை மூன்று சென்ட். இந்தக் கோடியில் இருந்தவருக்கும் குறையவில்லை, அந்தக் கோடியில் இருந்தவருக்கும் குறையவில்லை, கோயில் நிலத்தில் ஒரு சாண் போகவில்லை, ரோடு வளையவில்லை. ஆனாலும் நடுவில் புதிதாக ஒரு துண்டு பூமி, பனி விழுந்து ஈரமாக, அதற்குள் ரெண்டு நெருஞ்சிச் செடி முளைத்துக் கிடந்தது.

“யாருக்கும் குறையலேன்னா யாருதும் இல்லை. யாருதும் இல்லேன்னா புறம்போக்கு,” என்றார் அலுவலர்.

“என்ன புறம்போக்கு சார்? ஓடைப் புறம்போக்கா, மேய்ச்சல் புறம்போக்கா?” என்று கேட்டான் டீக்கடை ஒச்சு.

அலுவலர் யோசித்தார். சேவுகன் வாசலில் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், வீரணன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்தார். ஒச்சுவே சொன்னான்: “வீம்புப் புறம்போக்குன்னு போட்டுக்கங்க சார்.” அந்தப் பெயரே நிலைத்தது.

முதலில் ஆடுகள் வந்தன. பிறகு மிளகாய் காய வைக்க வந்தார்கள், பிறகு பையன்கள் மூன்று குச்சியை ஊன்றி கிரிக்கெட் விளையாடினார்கள், பிறகு ஒச்சு தன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி, இரண்டு வீட்டுக்கும் சம தூரத்தில் டீ ஆற்றினான். எஸ்தர் மறுபடி வந்து டேப் பிடித்தாள். பன்னிரண்டு அடி குறைந்த இடத்தில் இப்போது ஏழு அடிதான் குறைந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. “எப்படி வந்துச்சுங்கிறது எங்க வேலை இல்லைங்கய்யா. அம்பது வந்துருச்சுன்னா கூப்பிடுங்க,” என்றாள்.

இந்த ஏழு அடிக்காகத்தான் நத்தக்குடி சேவுகனைச் சுற்றி உட்கார ஆரம்பித்தது. இத்தனை வருஷமாக அவர் வாயைத் திறந்தால் ஓடிய சனம், இப்போது கடலையும் முறுக்குமாக வந்து, “மாமா, அந்தக் காதுகுத்துக் கதையைச் சொல்லுங்க,” என்று கேட்டது. சேவுகன் சொன்னார். ஆஹா, எப்படிச் சொன்னார்! பஸ் வராததிலிருந்து, குட்டி தோளில் மூத்திரம் பெய்ததிலிருந்து, ஜீப்பின் நிறத்திலிருந்து, ரைஸ்மில்காரர் போட்டிருந்த மோதிரத்தின் கல்லிலிருந்து, ஒன்று விடாமல், ஒரு தடவை சொன்னதை மறு தடவை மாற்றாமல், கேட்கிறவர்களுக்கே ரைஸ்மில்காரர் மேல் கை ஓங்கத் தோன்றுகிற மாதிரி சொன்னார். சொல்லச் சொல்லப் பூமி விரிந்தது. டீக்குடிக்கிறவர்கள் கால் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

“மோதிரம் போன தடவ பச்சைக் கல்லுன்னீகளே மாமா?”

“பச்சைதாண்டா. நான் எப்ப செவப்புன்னு சொன்னேன்? கேக்குறதுன்னா ஒழுங்காக் கேளு, இல்லேன்னா எந்திரிச்சுப் போ.”

அந்தக் கோபத்தில் ஒரு விரற்கடை தூரம் கூடியது. ஒச்சு அதையும் கால் பெருவிரலால் குறித்து வைத்தான்.

இதைப் பார்த்துவிட்டு, இடம் பற்றாத மற்ற வீட்டுக்காரர்களும் சண்டையில் இறங்கினார்கள். கிழக்கு வரிசையில் அண்ணன் தம்பி இருவர், தூரம் போதவில்லை என்பதற்காகக் காலையில் எழுந்து ஒருவரை ஒருவர் வைதுகொண்டார்கள். தம்பி வைத வசவு ஒன்று புதுசாக இருந்ததால் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பியும் சிரித்துவிட்டான், சிரித்த சிரிப்பில் இருந்த சந்தும் சுருங்கி, இடுப்பில் குடத்தோடு வந்த அண்ணன் பெண்டாட்டி நடுவில் மாட்டிக்கொண்டாள். குடத்தை நசுக்கித்தான் அவளை எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் யோசனை கேட்டுச் சேவுகனிடம் வந்தார்கள்.

“சத்தம் போடாதீக,” என்றார் சேவுகன். “சத்தம் போட்டா வருத்தம் வாய் வழியா வடிஞ்சு போயிரும். தெனம் மொகத்தைப் பாக்கணும், பேசக் கூடாது. நல்லது கெட்டதுக்குப் போயி நிக்கணும், சாப்பிடக் கூடாது. என்ன செஞ்சான்னு மட்டும் நெனைக்காத, என்ன சொன்னான்னு நெனை. செஞ்சது மறந்து போகும்.”

“எங்களுக்குள்ள அப்படி ஒண்ணும் நடக்கலையே மாமா.”

“அப்ப ஒங்களுக்கு அத்தனை அடி கெடைக்காது. காமன் டேங்க் கேளுங்க,” என்று அனுப்பிவிட்டார். அவர்கள் அப்படியே கேட்டு, இருவருக்கும் சேர்த்து ஒரு டேங்க் வாங்கிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஐம்பது அடி வந்துவிட்டது. எஸ்தர் வந்து அளந்து, இன்னொரு தடவையும் அளந்து, சேவுகனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஐயா, ஒரு விஷயம். நாளைக்கு இந்தத் தூரம் கொறைஞ்சுச்சுன்னா டேங்க்கை மூடித்தான் ஆகணும். கிணத்துத் தண்ணிய நான் பரிசோதனைக்கு எடுத்துக்கிட்டே இருப்பேன். கெட்டுச்சுன்னா நான் விட மாட்டேன்.”

“கொறையாது,” என்றார் சேவுகன். “அதுக்கு நான் பொறுப்பு.”

உறைகள் வந்து இறங்கின. வீரணன் முற்றத்தில் உறைக்கு மேல் உறையாக இறக்கியதில், சொன்ன ஆழத்தில் தண்ணீர் ஊறியது. குடித்துப் பார்த்தவர்கள் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். சேவுகன் வீட்டில் டேங்க்குக்குக் குழி எடுத்தார்கள். டிரஸ்டுக்காகக் காலனி முழுவதற்கும் கொத்து வேலை பார்த்தது வீரணன்தான், அதனால் பொன்னழகுவின் கக்கூஸையும் அவர்தான் கட்டினார். அவர் கல் கேட்டால் சேவுகன் கம்பத்திடம் கொடுப்பதுபோல நடுவில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார். நாற்காலியில் உட்காருகிற மாதிரியான பீங்கான், நீலக் கதவு, தண்ணீர் தேங்காத வாட்டம். கடைசி நாள் சேவுகன் உள்ளே எட்டிப் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே சுவரில் ஒரு இரும்புக் கம்பியைப் பதித்து, பூச்சு வைத்து, கை வழுக்காமல் இருக்க அதில் சணல் கயிறு சுற்றி வைத்திருந்தது, முழங்கால் முடியாதவள் பிடித்து எழுவதற்கு. சேவுகன் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வெளியில் ஒச்சு, “மாமா! மாமா! வண்டி உருளுது, என்ன நெனைக்கிறீக அங்க?” என்று கத்தினான். அரை அடி போய்விட்டது. சேவுகன் ஓட்டமாக வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஜீப்பை நினைத்து, மோதிரத்தை நினைத்து, மூட்டத்தின் சாம்பலை அள்ளிக் கையில் வைத்துப் பார்த்து, வேர்த்து விறுவிறுத்து அதைத் திரும்ப வாங்கினார்.

பொன்னழகு நீலக் கதவைத் திறந்து உள்ளே போன முதல் நாள், நல்ல பகல், பள்ளிக்கூட மணி அடிக்கிற வேளை. போனவள் வரவே இல்லை. சேவுகன் பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

“என்ன பண்ற?”

“சும்மா உக்காந்திருக்கேன்,” என்றாள் உள்ளேயிருந்து. “வெளிச்சமா இருக்கு. பல்லி ஒண்ணு இருக்கு. நீங்க போங்க.”

அன்றைக்கு அவள் ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல், தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். அப்புறம் எந்நேரமும் குடித்தாள். உப்பில்லாத தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள். முகம் தெளிந்தது, கால் வீக்கம்கூட வடிந்தது. கருவேலங்காட்டுக்கு இனி ஆயுசுக்கும் போக மாட்டேன், என்னைப் புதைக்கக் கொண்டுபோவதாக இருந்தால்கூட வேறு வழியாகக் கொண்டுபோங்கள் என்றாள்.

இப்படியே இருந்திருக்கும். செல்வராணிக்கு ஆண் குழந்தை பிறந்து, அதற்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். செல்வராணிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. பிள்ளையை யார் மடியில் வைப்பது என்று பேச்சு வந்தபோது அவள், “அம்மாவோட அண்ணன் மடிதான். என் காதுக்குக் கெடைக்காதது என் பிள்ளை காதுக்காவது கெடைக்கட்டும்,” என்று தகப்பனிடம் சொல்லிவிட்டாள். வீரணனுக்கும் வயதாகிவிட்டது. சாரத்தில் ஏறினால் கால் நடுங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, குளித்து, விபூதி பூசி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்வராணி பின்னால் வர, வீம்புப் புறம்போக்கைக் கடந்து சேவுகன் வீட்டைப் பார்த்து நடந்தார். டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சேவுகன் வாசலில் இருந்தார். வருவது யார் என்று தெரிந்தது. தட்டு தெரிந்தது. பிள்ளையின் மொழுமொழுவென்ற முழங்கால் தெரிந்தது. எத்தனை வருஷம் இந்தத் தட்டுக்குக் காத்திருந்தார்! வந்தால் என்ன சொல்வது என்று படுக்கையில் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்! இப்போது நெஞ்சுக்குள் என்னவோ பிடியை விட்டது.

பூமி முனகியது. வீரணன் பாதித் தூரம் நடப்பதற்கு முன்பே முக்கால் தூரம் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் கிணறு, வாளியும் ராட்டினமும் ஆட, கன்றுக்குட்டி மாதிரி கூடவே வந்தது. ஒச்சுவின் வண்டி கிறீச்சிட்டது. விறைத்திருந்த கரண்டுக் கம்பி தொய்ந்தது. நீலக் கதவுக்குள்ளிருந்து பொன்னழகுவின் குரல் கேட்டது:

“யாருங்க அது, கக்கூஸ நகட்டுறது? மனுசி உள்ள இருக்கேன்!”

சேவுகன் எழுந்துவிட்டார். கம்பத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு நேராக வீரணன் முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டித் தடுத்து, “மாப்ள, சொல்லாத! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிறாத!” என்றார்.

“என்ன மச்சான்…”

“தப்புன்னு சொல்லிட்டேன்னா போச்சு. என்னால தாங்க முடியாது. அவ திரும்பக் காட்டுக்குப் போகணும்யா.”

வீரணன் நின்றார். திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். நீலக் கதவைப் பார்த்தார். தான் கட்டிய சுவரில் தலைமயிர் கனத்துக்கு ஒரு கீறல் ஓடுவதைப் பார்த்தார். கொத்தனாருக்கு அதைவிட வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர் முகம் மாறியது. கடைவாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தட்டை அப்படியே சேவுகனுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி, டீக்கடைப் பக்கம் நீட்டினார்.

“ஏ ஒச்சு! நீ எனக்கு மச்சான் முறைதானடா?”

“எந்த வழியில மாமா?” என்று முழித்தான் ஒச்சு.

“ஏதோ ஒரு வழியில. மாமாங்காத, மச்சான்னு கூப்பிடு. தட்டைப் பிடி. வர்ற புதன்கிழமை என் பேரனுக்கு ஒன் மடியிலதான் காது குத்து. வேட்டியத் தொவச்சுக் கட்டிட்டு வா. இந்தக் கரிக்காரர் வேட்டியில வச்சா பிள்ளை கறுத்துப் போயிரும்.”

செல்வராணி, “அப்பா!” என்றாள். சேவுகனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, தட்டை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வைத்து, திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்பது காதிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது, இறங்கியதும் பூமி உதறிக்கொண்டு எழுந்தது. கிணறு வீரணன் முற்றத்துக்குப் பின்வாங்கி ஓடியது. வீரணன் தட்டில்லாத கையோடு நின்றபடியே தூரமாகப் போனார், போய்க்கொண்டே இருந்தார், பழைய இடத்தையும் தாண்டித்தான் நின்றார். அங்கிருந்து அவர் முகம் தெரியவில்லை. துண்டை எடுத்துத் துடைத்த மாதிரி இருந்தது. அது வேர்வையாகவும் இருக்கலாம்.

தனக்கு நல்லது செய்தாரா, வாயில் இருந்ததைத்தான் துப்பினாரா என்று சேவுகன் அன்று முழுவதும் யோசித்தார். நல்லதுதான் செய்தார் என்று நினைத்தபோதெல்லாம் காலடியில் மண் லேசாக நெளிந்தது. அதனால் துப்பினார் என்றே வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காது குத்து வீம்புப் புறம்போக்கிலேயே நடந்தது. ஊரில் பந்தல் போட அவ்வளவு பெரிய இடம் வேறெங்கே இருக்கிறது? தென்னங்கீற்று வேய்ந்து, மைக் செட் கட்டி, கிணற்றுத் தண்ணீரில் சமைத்தார்கள். பொன்னழகு புதுச் சேலை கட்டிக்கொண்டு போய்ப் பஞ்சவர்ணத்தோடு முன்வரிசையில் நின்றாள். எஸ்தர்கூட வந்திருந்தாள், தண்ணீர் பரிசோதனையில் நல்லபடியாக வந்ததைச் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம் என்று. ஒச்சு துவைத்த வேட்டியில், தேர்வு எழுத வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சேவுகனுக்கு அழைப்பு இல்லை. அவர் விடியற்காலையிலேயே குளித்து, பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்துக் கட்டி, பந்தலுக்கு நேராகத் தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். பஞ்சவர்ணம் இலையில் சோறு போட்டுக் கொடுத்தனுப்பினாள். அதைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். இலை திரும்பி வந்து சேருவதற்குள் பந்தல்கால்கள் ஒன்றுக்கொன்று விலகி, நடுவில் இன்னொரு வரிசைப் பாய் விரிக்க இடம் வந்தது.

“சம்பந்தி வீட்டு ஆளுக இன்னும் ஒரு வேன் வருதாம்,” என்று பந்தி விசாரித்தவர் கத்தினார். “மாமாவுக்கு யாராவது பாயாசம் கொண்டுபோய்க் காட்டுங்கப்பா!”

மேளம் உச்சத்துக்குப் போனது. சேவுகன் சம்மணம் போட்டார், வேட்டியின் சுருக்கத்தைத் தட்டி நீவினார், மடியைச் சரியாக விரித்து வைத்தார். ஊசி இறங்கியது. அத்தனை அடிக்கு அந்தப் பக்கமிருந்து பிள்ளை வீறிட்டது, நல்ல கனத்த குரல். அது அடங்குகிற வரைக்கும் அவர் தொடையை அசைக்கவில்லை.